எலிஸ்பாரின் அறுபத்தாறும் பக்கத்து இருக்கையும்

எலிஸ்பாருக்கு வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். கம்பளிச் சட்டை பின்னும்போது அவர் மனைவி டாரிக்கோ வலது கையை அந்த அளவுக்கு நீட்டியே பின்னுவாள். பிறவிக் கோளாறெல்லாம் இல்லை. முப்பத்தொரு வருஷமாக அவர் ஓட்டுகிற லாரியின் கைங்கரியம் அது.

மலையடிவாரத்து ஊரான ஆல்வானியில் அந்த லாரிக்கு ‘அறுபத்தாறு’ என்றுதான் பெயர். சோவியத் ராணுவத்துக்காகச் செய்த வண்டி, மாடல் எண்ணே பெயராக நின்றுவிட்டது. அதை வரைந்த புண்ணியவான் என்ஜினைக் கொண்டுவந்து ஓட்டுநருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் நட்டநடுவில் வைத்தான். வைத்த பிறகு கியர்க் கம்பிக்கு இடம் இல்லை. சரி போகட்டும் என்று ஓட்டுநரின் இடுப்புக்குப் பின்னால் நட்டுவிட்டான். கியர் மாற்ற வேண்டுமென்றால் முதுகு சொறிகிற மாதிரி கையைப் பின்னால் விட்டுத் துழாவ வேண்டும். ஆல்வானியிலிருந்து மலைமேல் ஓமாலோவுக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்துக்குள் எத்தனை தடவை துழாவ வேண்டும் என்று எலிஸ்பாரின் தோளைக் கேட்டால் சொல்லும்.

என்ஜின் மூடிமேல் ரொட்டியை வைத்தால் மூன்றாவது ஆற்றைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் பாலாடைக்கட்டி உருகியிருக்கும். அது ஒன்றுதான் அதில் சுகம். ஜூலை மாதம் ஓட்டுகிறவர் வலது முழங்காலில் ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும். சத்தமோ சொல்லி மாளாது. ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் தீப்பெட்டி கேட்பதற்குக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்துவது பின்னால் தட்டில் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும். அந்த வண்டிக்குள் பேசி யாரும் ரகசியம் காத்ததில்லை.

என்ஜினைப் பார்க்க வேண்டுமானால் ஓட்டுநர் அறையையே முன்பக்கமாகக் குப்புறக் கவிழ்க்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் கண்ணாடியில் போய் விழும். இரண்டு ஃபிளாஸ்க், ஒரு கைக்கடிகாரம், கண்ணாடிச் சட்டம் போட்ட புனித கியோர்கி படம் என்று பலி கொடுத்த பிறகு, எல்லாவற்றையும், இருக்கை மெத்தைகளைக்கூட, வெளியே எடுத்துவைத்துவிட்டுத்தான் கவிழ்ப்பார். ஆற்றில் இறங்கி ஏறினால் பிரேக் பிடிக்காது. காலை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்த வேண்டும். என்ஜின் நின்றுபோனால் பிரேக் கல்லாகிவிடும், இரண்டு காலாலும் ஏறி மிதிக்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று யாராவது கேட்டால் எலிஸ்பார் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

இவ்வளவு லட்சணம் உள்ள வண்டியை அவர் ஆசைப்பட்டு வாங்கினார் என்பதுதான் வேடிக்கை. ராணுவத்தில் இரண்டு வருஷம் இதே ரகத்தைத்தான் ஓட்டினார். 1992 வசந்தத்தில் ஒரு படைமுகாம் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, அங்கிருந்த கேப்டனுக்கு இருபத்தாறு செம்மறியாடுகளை ஓட்டிவந்து கொடுத்துவிட்டு, ‘பழைய இரும்பு’ என்று முத்திரை குத்திய ஒரு தாளையும் லாரியையும் வாங்கிவந்தார். இப்போது சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போக ஜப்பான் வேன்கள் வந்துவிட்டன. ஆனால் கல்லும் மரமும் மாவு மூட்டையும் ஏற்றிக்கொண்டு, மண் சரிந்த பாதையில் ஆபானோ கணவாயைத் தாண்ட அறுபத்தாறு வேண்டும். ஓமாலோவில் நிற்கிற வீடுகளில் பாதிக்கு ஓடு அந்த வண்டியில் போனதுதான்.

பக்கத்து இருக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், “ஏதோ குத்துதே” என்பார்கள். இடது பக்கம், அடியில், கெட்டியாக ஏதோ ஒன்று.

“ராணுவம் அப்படித்தான் செஞ்சிருக்கு. சிப்பாய் தூங்கக் கூடாதில்ல?” என்பார் எலிஸ்பார். மேலே ஒரு ஆட்டுத்தோலை மடித்துப் போட்டுவிட்டார். அவர் என்றைக்கும் ஓட்டுகிற இருக்கையில்தான் உட்கார்ந்தார், பக்கத்து இருக்கையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

மலை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் ஒரு பாலம் இருக்கிறது. அங்கே எலிஸ்பார் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒவ்வொருவரிடமும் போய், “பன்னி இருக்கா?” என்று கேட்பார். துஷெத்தி என்கிற அந்த மலைநாட்டு மண்ணுக்குப் பன்றிக்கறி ஆகாது. கொண்டுபோனால் ஆடு சாகும், ஆலங்கட்டி மழை பெய்யும், எல்லாவற்றுக்கும் முன்னால் வண்டி உருளும். எல்லா ஓட்டுநர்களும் கேட்பார்கள்தான். மற்றவர்கள் வாயால் கேட்பார்கள், எலிஸ்பார் பையைத் திறந்து பார்ப்பார். வெளிநாட்டுக்காரர்களின் சாஸேஜ், எல்லைக் காவலர்களின் டப்பா உணவு, எதுவும் தப்பாது. பறிமுதல் செய்ததைப் பாலத்தடி நாய்களுக்குப் போடுவார். அந்த நாய்கள் அறுபத்தாறின் சத்தத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளியே அடையாளம் கண்டு வரிசையில் வந்து நிற்கும்.

இந்தப் பன்றி விவகாரத்தில்தான் அவர் தன் மச்சானை இழந்தார்.

ஷாக்ரோ, டாரிக்கோவின் அண்ணன். 2001 கோடையில், கீழே காகெத்திச் சமவெளியில், பன்றியும் வளர்க்கிற ஒருவரின் திராட்சைத் தோட்டத்தில் வேலை முடித்து, மேலே திருவிழாவுக்கு வந்துகொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் அவர்தான். பின்தட்டில் பத்துப் பேர், மாவு, பார்லிச் சாராயம், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஒரு கிடா. கணவாய்க்குச் சற்றுக் கீழே பிரேக் குழாய் வெடித்தது. வண்டி பின்னால் உருண்டது. எலிஸ்பார் திருகிப் பிடித்ததில் பாறையில் முட்டி நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிடா மூட்டைகளுக்கு அடியில் நசுங்கிச் செத்துப்போனது.

கோயில் கிடா செத்தது என்றால் அது சும்மா நடக்காது. எலிஸ்பார் இறங்கிவந்து, எல்லோர் முன்னாலும் ஷாக்ரோவிடம் கத்திக் கேட்டார்.

“மச்சான், நீ பன்னி வளக்குற வீட்டுலேருந்து வர்ற. உண்மையச் சொல்லு.”

“பாலத்துல கேட்ட, இல்லன்னேன். இப்பவும் இல்லங்கிறேன். பையத் தொறந்துதான் பாத்தியே.”

“பையில இல்லன்னா வேற எங்கயோ வெச்சிருக்க. பன்னி இல்லாம இந்த வண்டி உருளாது.”

ஷாக்ரோ பையைத் தோளில் போட்டுக்கொண்டார். “என் வார்த்தைய நம்பாதவன் வண்டி எனக்கு வேணாம். இத்தன பேர் முன்னாடி சொன்னல்ல? இதே மாதிரி எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கிற அன்னைக்கு ஏறுறேன்.” அவ்வளவுதான், ஓமாலோவரைக்கும் நடந்தே போனார். அதற்குப் பிறகு, பனி மூடி ஊரே காலியாகும் குளிர்காலத்துக்குக்கூட அவர் கீழே இறங்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம். இந்தப் பக்கம் பிடிவாதம் குறைச்சல் என்று நினைத்துவிட வேண்டாம். ஷாக்ரோ பன்றி கொண்டுவந்ததாகவே எலிஸ்பார் மனதார நம்பினார். குழாய் பழசு என்பது அவருக்குத் தெரியும்தான். ஆனால் அது ஏன் அன்றைக்கு, அங்கே வெடித்தது? ஆனாலும் ஒவ்வொரு அக்டோபரிலும் ஷாக்ரோவின் குளிர்கால மாவை அவர்தான் ஏற்றிப்போவார். மேல் ஓமாலோவில் தண்ணீர்த் தொட்டி ஓரம் மூட்டையை இறக்கிவைத்து, இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார். திரும்பி வரும்போது அதே இடத்தில் தங்கைக்கென்று தோல்பையில் கட்டிய பாலாடைக்கட்டி இருக்கும். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

போன வருஷம் அக்டோபரில் டாரிக்கோ லாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“இந்தாய்யா, இந்தத் தடவ மூட்டைய எறக்கி வெச்சிட்டு ஹாரன் அடிச்சிட்டு வர்ற வேலையெல்லாம் வேணாம். எங்கண்ணன கூட்டிட்டு வா.”

“அவன் வர மாட்டான்டி.”

“ஆகஸ்ட்ல கூரையிலேருந்து விழுந்து கால ஒடிச்சிக்கிட்டு இன்னும் கம்பு ஊனிட்டுத்தான் நடக்கிறாராம். போன குளிருக்கு அஞ்சு பேர் மேல இருந்தாங்க. இந்தக் குளிருக்கு அத்தன பேரும் எறங்குறாங்க. மே மாசம் வரைக்கும் அவர் ஒத்தையா கெடக்கணும். வெறகு பொளக்கக்கூட முடியாது. பனி உருகினதும் நீ போய் என்னத்தப் பாப்ப? சொல்லு பாப்போம்.”

எலிஸ்பார் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது, அதை அவரால் பார்க்க முடியவில்லை. வானிலைக்காரர்கள் நாளைக்கு மறுநாள் பனி என்று சொல்லியிருந்தார்கள். பனி விழுந்தால் பாதை மூடிவிடும். ஜப்பான் வேன்கள் எல்லாம் ஏற்கெனவே இறங்கியாயிற்று. மிச்சமிருந்தது அறுபத்தாறு மட்டும்தான், ஷாக்ரோ ஏற மாட்டேன் என்று சொன்னதும் அதே அறுபத்தாறில்தான்.

மேலே போகும்போது பக்கத்து இருக்கையில் மாக்வலா உட்கார்ந்தாள். ஓமாலோவில் விருந்தினர் விடுதி வைத்திருக்கிறவள், எலிஸ்பாருக்கு நாலு வயது மூத்தவள். வீட்டைப் பூட்டவும், அவசரத்தில் விட்டுவந்த பூனையைக் கூட்டிவரவும் போகிறாள். 2001இல் அந்தப் பின்தட்டில் இருந்தவர்களில் அவளும் ஒருத்தி.

“ஐயோ, என்னடா இது, இடுப்பெலும்புல குத்துது!” என்று முதல் மேட்டிலேயே கத்தினாள்.

“ராணுவம் அப்படித்தான் செஞ்சிருக்கு அக்கா!”

“ராணுவத்துக்கு என்மேல என்னடா கோவம்?”

பாலத்தில் நிறுத்தி வழக்கம்போல அவள் பையைத் திறந்து பார்த்தார். கம்பளிக் காலுறையும் பூனைக்கு ஒரு மீனும் இருந்தன. நாய்கள் ஏமாந்து திரும்பிப் போயின.

கணவாய்க்குக் கீழே, பாதை வானத்தில் போய் முட்டுகிற மாதிரி ஏறும் இடத்தில், என்ஜின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது. எலிஸ்பார் இரண்டு காலாலும் பிரேக்கை ஏறி மிதித்தார். மாக்வலா கீழே குதித்து, சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தாள். அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு அதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“டேய், பன்னி இருக்கா?” என்றாள், மூச்சு வாங்கியபடி.

“நீயும் நானும்தான் இருக்கோம். உன் பைய நானே பாத்தேன்.”

“அப்ப உன் பையில?”

எலிஸ்பார் முறைத்துவிட்டு வேலையில் இறங்கினார். புனித கியோர்கி படம், ரொட்டி, ஃபிளாஸ்க், கருவிப்பெட்டி, இரண்டு மெத்தைகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்து, அறையை முன்னால் கவிழ்த்தார். கோளாறு தெரிந்தது. பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வு கிழிந்திருந்தது. கிரீஸ் தாளில் சுற்றிய மாற்றுச் சவ்வு ஒன்று அவரிடம் உண்டு. அது ஆல்வானியில், கொட்டகைச் சுவரில், மறந்துவிடக் கூடாது என்று கண்ணுக்கு நேராக அடித்த ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ராணுவத்தில் கற்றது கைகொடுத்தது. உள்ளங்கை அகலத்துக்கு ரெக்சின் துணி இருந்தால் வட்டமாக வெட்டி இரண்டு அடுக்காக வைத்துச் சமாளிக்கலாம். அவர் இருக்கையின் ரெக்சின் என்றைக்கோ போய், அதன்மேல் கம்பளத் துண்டு தைத்திருந்தது. பக்கத்து இருக்கைதான் ராணுவம் கொடுத்தபடியே இருந்தது. மெத்தையைக் குப்புறப் போட்டு, யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்தில் கத்தியை வைத்துக் கிழித்தார். கிழிக்கும்போதே ஒன்று கவனித்தார். ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் வேறு நூலில், கோணல்மாணலாக, யாரோ கையால் போட்டது.

உள்ளே கையை விட்டார். பூட்ஸுக்குள் சிப்பாய்கள் காலில் சுற்றிக்கொள்ளும் துணி ஒன்றில் சுருட்டிய பொட்டலம் வந்தது. பிரித்தார். அலுமினியக் கரண்டி ஒன்று. பாதி தீர்ந்த சிகரெட் பொட்டலம். துருவேறிய ஒரு தகர டின், அதைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்த தாள்.

தாளில் இருந்ததைப் படிக்கக்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. இரண்டு வருஷம் இதைத்தான் தின்றார், அம்மாவிடம் சொல்லாமல். இருந்தாலும் படித்தார். வேகவைத்த பன்றி இறைச்சி.

எந்தச் சிப்பாயோ, பசிக்கிற நேரத்துக்கென்று, சார்ஜெண்டுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துத் தைத்தது. அவன் ஊருக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்திருப்பான். அவன் டின் முப்பத்தொரு வருஷமாக இந்தக் கணவாயைத் தாண்டித் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பாலத்தில் எலிஸ்பார் இறங்கி அடுத்தவன் பையைத் திறந்து பார்த்தார்.

அவர் டின்னைக் கையில் வைத்தபடியே கல்மேல் உட்கார்ந்தார். மாக்வலா எட்டிப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு நாலு அடி பின்வாங்கினாள்.

“அதான் உன் வண்டி மாசம் ஒருக்கா நட்ட நடு ரோட்டுல படுத்துருது!” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “அப்ப அந்த கிடா…”

“ஷாக்ரோ கொண்டு வரல அக்கா.”

“இல்ல.”

“நான்தான் கொண்டுவந்திருக்கேன்.”

காற்று பலமாக அடித்தது. எலிஸ்பாருக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. கிடாவுக்காக வந்த அழுகையில்லை. கம்பு ஊன்றி நடக்கிற ஒரு மனிதன் இருபத்திரண்டு குளிர்காலத்தைப் பனிக்குள் கழித்தது இந்த ஒரு டின்னால்தான் என்று நினைத்து அழுதார். டின்னால்கூட இல்லை, தன் வாயால்.

கொஞ்ச நேரம் கழித்து டின்னைத் துணியில் சுருட்டிச் சட்டைக்குள் வைக்கப் போனார்.

“எங்கடா வைக்கிற?” என்று மாக்வலா கூவினாள்.

“மேல எடுத்துட்டுப் போறேன். இதக் காட்டினாத்தான் அவன் நம்புவான். சும்மா போய்ச் சொன்னா, டாரிக்கோ சொல்லிக்குடுத்த கதைம்பான்.”

“அதோட நீ இந்தக் கணவாயத் தாண்டினா நான் நடந்தே போறேன். தெரியாம கொண்டுபோனது வேற. தெரிஞ்சு கொண்டுபோறது வேறடா. நீயே சொல்லு, வேற எவனாவது கையில இதோட நின்னா நீ என்ன பண்ணுவ?”

நியாயமான கேள்வி. அவர் டின்னை உள்ளே வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார். ஷாக்ரோ சொன்னது சத்தியம் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அது. ஷாக்ரோ இருக்கும் மண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாத ஒரே பொருளும் அதுதான். கடைசியில் பாதைக்கு மேலே ஏறி, ஒரு பாறைக்கு அடியில் குழி தோண்டி, டின்னை வைத்து மேலே கற்களை அடுக்கினார். பாறை நிழலில் உருகாமல் கிடந்த பனிக்கட்டியால் கைகளைத் தேய்த்துக் கழுவினார். சவ்வை வெட்டிப் போட்டார். அறுபத்தாறு ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. புது ரெக்சின் அதற்குப் பிடித்திருந்ததுபோல.

மேல் ஓமாலோவை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எலிஸ்பார் தண்ணீர்த் தொட்டி ஓரம் மாவு மூட்டையை இறக்கினார். இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஆனால் போகவில்லை. மட்கார்டில் சாய்ந்தபடி நின்றார்.

மேட்டு வீட்டில் கதவு திறந்தது. வண்டி போகட்டும் என்று ஷாக்ரோ வாசலில் நின்றார். வண்டி போகவில்லை. கால்மணி நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, ஷாக்ரோ இறங்கி வந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. கூப்பிடு தூரத்தில் நின்று மூட்டையைப் பார்த்தார், எலிஸ்பாரைப் பார்க்கவில்லை.

“மச்சான், அன்னைக்கு உங்கிட்ட பன்னி இல்ல. எங்கிட்டதான் இருந்துச்சு” என்றார் எலிஸ்பார்.

ஷாக்ரோ தலையைத் திருப்பினார். “எங்க?”

“வண்டிக்குள்ள. ராணுவ டின்னு. எவனோ ஒளிச்சு வெச்சது. இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுது.”

“காட்டு.”

“எப்படிக் காட்டுறது? கணவாய்க்கு அந்தப் பக்கமே பொதச்சிட்டேன். அத இங்க கொண்டுவர எனக்குக் கை வரல.”

“நான் பாத்தேன் ஷாக்ரோ, என் கண்ணால பாத்தேன்” என்று மாக்வலா குறுக்கே வந்தாள்.

“நீ அன்னைக்கும்தான் பாத்த அக்கா. அவன் என் பையத் தொறந்து ஒண்ணுமில்லன்னு மூடுனதப் பாத்த. வாயத் தொறந்தியா?”

மாக்வலா பூனையைத் தேடிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

ஷாக்ரோ கம்பின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். “அப்ப உங்கிட்ட என்னதான் இருக்கு?”

“என் வார்த்த மட்டும்தான் இருக்கு.”

“அன்னைக்கு எங்கிட்டயும் அதுதான் இருந்துச்சு மாப்ள.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மேடேறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். உதவிக்குப் போகலாமா என்று எலிஸ்பாரின் கால் துடித்தது, போகத் தைரியம் வரவில்லை. மூட்டையை வீட்டு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைக்கவும் மனது இல்லை. தூக்கி வைத்தால் ‘நீ இங்கேயே இரு’ என்று சொன்ன மாதிரி ஆகும். தொட்டி ஓரத்திலேயே விட்டுவிட்டார். அன்று அவர் வண்டிக்குள்ளே கான்வாஸ் தூளியைக் கட்டிப் படுத்தார். தூங்கினார் என்று சொல்ல முடியாது.

விடிந்தபோது வானம் ஈயம் பூசியதுபோல இருந்தது. மூன்று குடும்பங்கள் சட்டிபானையோடு பின்தட்டில் ஏறின. மாக்வலா பூனையைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு அவர்களோடு ஏறினாள். பக்கத்து இருக்கையில் அவள் உட்காரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

வண்டி தண்ணீர்த் தொட்டிக்கு வந்தது. மாவு மூட்டை நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் ஷாக்ரோ உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. காலடியில் தோல்பையில் பாலாடைக்கட்டி.

எலிஸ்பார் பாய்ந்து இறங்கினார். ஷாக்ரோ எழுந்து, பையின் வாயை அகலத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“ம், பாரு. நல்லாப் பாத்துக்க. அப்புறம் நடுவழியில எறக்கிவிடாத.”

எலிஸ்பார் பார்க்கவில்லை. பையை மூடிக் கயிற்றை முடிச்சுப் போட்டார்.

“மூட்டையையும் ஏத்து. எலிக்கு எதுக்கு விட்டுட்டுப் போகணும்?” என்றார் ஷாக்ரோ.

மூட்டை ஏறியது. ஷாக்ரோவின் இடுப்பைப் பிடித்து எலிஸ்பார் மேலே தூக்கிவிட்டார். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அசையாமல் இருந்தார். பிறகு பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி மறுபடி உட்கார்ந்தார். இடது பக்கம் சாய்ந்தார். ஆட்டுத்தோலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். எலிஸ்பார் சாவியைத் திருகாமல் காத்திருந்தார்.

“இந்த சீட்டுக்குள்ளயா?”

“ஆமா மச்சான்.”

“நான் குத்துதுன்னு சொல்லுவேனே, அதுவா?”

“அதேதான்.”

ஷாக்ரோ ஆட்டுத்தோலுக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். “அன்னைக்குப் பாலத்துல நீ என்கிட்ட ‘பன்னி இருக்கா’ன்னு கேட்டப்ப, நான் அதுமேலதான் உக்காந்திருந்தேன்.”

“ஆமா.”

“உக்காந்துகிட்டே எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன்.” தாடி ஆடியது. அழப்போகிறார் என்று எலிஸ்பார் பயந்தார். சிரிப்புதான் வந்தது, முதலில் மூக்கு வழியாக, அப்புறம் வயிற்றிலிருந்து. “அட நாசமாப் போக! அப்ப நான்தான்டா கொண்டுவந்திருக்கேன்! குண்டிக்கு அடியில வெச்சிக்கிட்டு!”

எலிஸ்பாருக்குச் சிரிக்க வரவில்லை. வண்டியைக் கிளப்பினார், கையைப் பின்னால் விட்டு கியரைத் துழாவிப் போட்டார். என்ஜின் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து கத்தியது. சரிவில் இறங்கத் தொடங்கியதும், பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னார்.

“என்ன மன்னிச்சிரு மச்சான்.”

“என்ன? கேக்கல!” என்று ஷாக்ரோ கத்தினார்.

“மன்னிச்சிருன்னேன்!”

ஷாக்ரோ காதில் கையை வைத்துக்கொண்டார். “உன் வண்டி என்னைக்குடா பேச விட்டுது? ஒண்ணும் கேக்கல மாப்ள!”

அவருக்குக் கேட்டிருந்தது. எலிஸ்பாருக்கும் அது புரிந்தது. பின்தட்டில் மூன்று குடும்பம் இருக்கிறது என்பதும் புரிந்தது. அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கத்தியதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

“நீ பன்னி கொண்டு வரல! நான் சொன்னது பொய்! எல்லார் முன்னாடியும் சொல்றேன், நான் சொன்னது பொய்! மன்னிச்சிரு!”

பின்னால் பேச்சு நின்றது. பூனை ஒரு தடவை கத்தியது. பிறகு அறையின் முதுகுத் தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டது, ஒரு கை, அப்புறம் பல கைகள்.

“எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு! கெழவனுக்குக் கேட்டுச்சான்னு கேளு!” என்று மாக்வலாவின் குரல் வந்தது.

ஷாக்ரோ காதிலிருந்து கையை எடுத்தார். ஆட்டுத்தோலை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஒடிந்த காலை நீட்டி வசதியாகச் சாய்ந்தார்.

“இப்ப கேட்டுச்சு” என்றார். “ரோட்டப் பாத்து ஓட்டு. டாரிக்கோ நேத்து சாயங்காலத்துலேருந்து வாசல்ல நிப்பா.”